கோச்சடையிலிருந்து வந்த ரேஸ் சைக்கிள்

புது சைக்கிள் விற்கிறவனுக்கு வாங்குகிறவர் ஒருவர்தான் தொல்லை. பழைய சைக்கிள் விற்கிறவனுக்கு முன்னால் ஓட்டியவரும் சேர்ந்து தொல்லை. பழைய பைக், பழைய கார், பழைய வீடு என்று எதையாவது வாங்கி மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். சீட்டில் அவர் உட்கார்ந்த பள்ளம் இருக்கும். ஹேண்டில்பாரில் அவர் பிடித்த இடம் மட்டும் தேய்ந்திருக்கும். நாம் என்ன போட்டுத் துடைத்தாலும் அது போகாது.

செல்லூரில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் என் கடை. பழைய கியர் சைக்கிள், ரேஸ் சைக்கிள் வாங்கிச் சரி செய்து விற்கிறேன். கூட இருப்பவர் காதர் பாய். பேருக்கு மெக்கானிக், நடப்பில் பாதி முதலாளி. அவர் என்னை மாப்ள என்பார், நான் அவரைப் பாய் என்பேன். எனக்கு வலது முட்டி போய் வருஷக்கணக்காகிறது. உட்கார்ந்து எழுந்தால் துருப்பிடித்த கேட் மாதிரி சத்தம் வரும். அதனால் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வேலை பார்ப்பேன். ஓட்டிப் பார்ப்பதெல்லாம் பாய் பொறுப்பு. சைக்கிள் விற்கிறவன் சைக்கிள் ஏறி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஸ்வீட் கடைக்காரர் லட்டு தின்று பார்த்திருக்கிறீர்களா?

கட்டிலுக்கு எதிரே

கோச்சடையிலிருந்து ஈஸ்வரி என்ற பெண் போன் செய்தது. வீட்டில் ரேஸ் சைக்கிள் இருக்கிறது, எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டது. ஓட்டியவர் பெயரைச் சொன்னதும் நான் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். தவமணி. வெளிநாட்டு டீம் ஒன்றில் சம்பளத்துக்கு ரேஸ் ஓட்டியவர். எங்கள் வட்டாரத்தில் சைக்கிள் மிதிக்கிற எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும். மலையெல்லாம் சைக்கிளில் ஏறி இறங்கிய மனிதர், ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, பால் வாங்க ஸ்கூட்டரில் போய் தெருமுனையில் வழுக்கி விழுந்தார். தலையில் அடி. அன்றிலிருந்து கண் மட்டும் திறந்திருக்கிறது. பேச்சில்லை, கை கால் அசைவில்லை. போகப் போகத்தான் தெரியும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். ஈஸ்வரி அவர் மனைவி.

ஹாலில் ஆஸ்பத்திரிக் கட்டில். அதற்கு நேர் எதிரே சுவரோரமாக சைக்கிள். கறுப்பு கார்பன் ஃபிரேம், கீறல் கிடையாது. சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில் கறுப்பு டேப் ஒன்று சுற்றியிருந்தது. ரேஸ்காரர்கள் அப்படிச் சுற்றுவார்கள். ரயிலுக்கும் விமானத்துக்கும் கழற்றி மாட்டும்போது சீட்டு உயரம் துளி மாறாமல் இருப்பதற்கு. அந்த உயரத்தை யாரும் தொட விடமாட்டார் என்றது ஈஸ்வரி. நான் பழக்க தோஷத்தில் பின் சக்கரத்தைத் தூக்கி, பெடலைக் கையால் ஒரு சுற்று சுற்றினேன். கட்டிலில் போர்வை லேசாக அசைந்த மாதிரி இருந்தது. ஃபேன் காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பேரம் எதுவும் நடக்கவில்லை. இவ்வளவு நல்ல வண்டியை ஏன் கொடுக்கிறீர்கள், அவர் எழுந்து வந்தால் கேட்கமாட்டாரா என்று மட்டும் கேட்டேன். ஈஸ்வரி கட்டிலைப் பார்க்காமல் குரலைத் தாழ்த்திச் சொன்னது:

"எடுத்துட்டுப் போயிருங்கண்ணே. எந்நேரமும் அது அவரையே பாத்துக்கிட்டு நிக்குது."

ஏறுகிற சீட்டு

முதலில் வந்தவர் ஒரு பேங்க் ஆபீசர். சர்க்கரை எட்டிப் பார்த்திருக்கிறது, டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருக்கிறார். மிதிப்பதென்று ஆனபின் ரேஸ்காரர் வண்டியாகவே இருக்கட்டும் என்று அவருக்கு ஆசை. ஆள் குள்ளம். சீட்டை டேப்புக்குக் கீழே நன்றாக இறக்கி, போல்ட்டைப் பாய் முறுக்கினார். மறுநாள் எடுத்துக்கொள்கிறேன் என்று போனார் ஆபீசர்.

மறுநாள் காலையில் கடை திறந்தால் சீட்டு டேப் உயரத்தில் நிற்கிறது. பாய் வேலை என்று நான் நினைத்தேன், என் வேலை என்று பாய் நினைத்தார். இரண்டு பேரும் அல்லா மேலும் பாண்டி முனி மேலும் சத்தியம் செய்த பிறகு, போல்ட்டைத் தொட்டுப் பார்த்தோம். முறுக்கு குறையவே இல்லை. திரும்பவும் இறக்கி, திரும்பவும் முறுக்கி, சாப்பிடப் போய்விட்டு வந்தோம். அதற்குள் பழையபடி டேப்புக்கு வந்துவிட்டது. பாய் ஸ்பேனரைக் கீழே வைத்தார். என்னைவிட அதிக காலம் இந்தத் தொழிலில் இருப்பவர் அவர்.

"உக்கார உக்கார சீட்டு எறங்கிப் பாத்திருக்கேன் மாப்ள. ஏறி இப்பத்தான் பாக்குறேன்."

வாழைப்பழம்

ஆபீசர் விடவில்லை. எட்டாவிட்டால் நுனிக்காலால் மிதித்துக்கொள்கிறேன், அதுவும் எக்சர்சைஸ்தானே என்று எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரக் கடைசியிலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ஏறி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார் என்பதைக் கவனியுங்கள்.

அவர் சொன்னது இது. விடியற்காலையில் பழங்காநத்தம் வரை போய்த் திரும்புவதாகத்தான் தினமும் கிளம்புகிறார். திரும்ப வேண்டிய இடத்தில் கை திரும்புவதில்லை. கால் நிற்பதில்லை. திருநகர், கப்பலூர் எல்லாம் தாண்டித் திருமங்கலத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் போய்த்தான் வண்டி நிற்கிறது. ரேஸ் சைக்கிளின் பின் சக்கரம் மிதிக்காமல் உருளும்போது கிரிகிரி என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டதும் டீக்கடைக்காரர் குனிந்த தலை நிமிராமல் இரண்டு வாழைப்பழமும் ஒரு தம்ளர் வெந்நீரும் எடுத்து பெஞ்சில் வைத்தாராம். பிறகுதான் நிமிர்ந்து ஆபீசரைப் பார்த்தாராம். பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போனதாம். ஒரு நாள் இல்லை, எல்லா நாளும் இதே கதை.

வாங்கிய விலையில் பாதி கொடுத்தாலும் போதும் என்றார் ஆபீசர். என் தொழிலில் இப்படிக் கேட்கிறவரைக் கும்பிட்டு வரவேற்க வேண்டும். ஆனால் அவர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றதைப் பார்த்து முழுசாகவே கொடுத்துவிட்டேன். போகும்போது சொன்னார்:

"ஓட்டுனது நான் இல்ல சார். நான் மேல உக்காந்திருந்தேன், அம்புட்டுத்தான்."

ஃபேன் ஓடியும் வேர்வை

விற்றவர்கள் போன் செய்வது எங்களுக்குப் புதிதில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்த மாதிரி, யார் வாங்கினார்கள், எப்படி வைத்திருக்கிறார்கள் என்று விசாரிப்பார்கள். ஆபீசரிடம் வண்டி இருந்த அந்த வாரத்தில் ஈஸ்வரி போன் செய்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது கேட்டது ஒரே கேள்வி: அந்த சைக்கிளை எடுத்தவர் எந்த நேரத்தில் ஓட்டுகிறார்? விடியற்காலையில் என்றேன். அந்த நேரத்தில் தவமணிக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது, தலைக்கு மேலே ஃபேன் ஓடுகிறது, துடைக்கத் துடைக்க வேர்க்கிறது என்றது. காய்ச்சலாக இருக்கும், டாக்டரிடம் சொல்லும்மா என்று நான் பெரிய மனுஷத்தனமாகச் சொல்லி வைத்தேன்.

ஆபீசர் வண்டியைத் திருப்பிக் கொடுத்து சில நாள் கழித்து மறுபடி போன். இப்போது வேர்வை இல்லையாம். நல்லதுதானே என்றேன்.

"வேர்வை வந்தப்பவாச்சும் ஆளு உள்ள இருக்காருன்னு தெரிஞ்சுச்சுண்ணே. இப்ப அதுவும் இல்ல."

டீசல் வாளி

அடுத்து ஒரு உடற்பயிற்சி ஆசிரியர் வந்தார். கோரிப்பாளையம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, பின்னாலேயே ஒருத்தர் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார், திரும்பினால் ஆள் இல்லை என்று சொல்லிக் கீழே இறங்கியவர்தான்; மறுபடி ஏறவில்லை. சைக்கிள்காரர்களுக்கென்று வாட்ஸ்ஆப் குரூப் இருக்கிறது. அதில் விஷயம் போனதும் கடைக்கு வருகிறவர்கள் அந்த வண்டி நிற்கும் மூலையைச் சுற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள்.

முழுசாக விலை போகாத வண்டியைக் கழற்றி விற்பதுதான் எங்கள் வழக்கம். சக்கரம் ஒருவருக்கு, கியர் ஒருவருக்கு, ஃபிரேம் ஒருவருக்கு. கோயம்புத்தூரில் உதிரிச் சாமான் வாங்குகிற ஒருவர் முழுவதையும் தானே எடுத்துக்கொள்கிறேன் என்று அட்வான்ஸ் அனுப்பிவிட்டார். கழற்றுகிற வேலையில் முதலில் கழல்வது செயின். அதை ஒரு வாளி டீசலில் ஊறப்போட்டால் அழுக்கெல்லாம் மறுநாள் கரைந்துவிடும். ஊரில் உள்ள எல்லா மெக்கானிக்கும் செய்கிற வேலை, பாயும் செய்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகைக்குப் போனவர், சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று அப்படியே மேலூர் போய்விட்டார். செயின் வாளியிலேயே கிடந்தது. எனக்கும் அதன் நினைப்பே இல்லை.

மறுநாள் ஈஸ்வரி அழுதுகொண்டே போன் செய்தது. காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவர் மடக்கிப் பார்த்தாராம், முட்டி மடங்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறாராம். இதை ஏன் என்னிடம் சொல்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அதற்கே விளங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் சொன்னது:

"காலு ரெண்டும் ஐஸ் மாதிரி கெடக்குண்ணே. மேலெல்லாம் டீசல் வாடை அடிக்குது. நம்ம வீட்டுல ஏதுண்ணே டீசலு?"

சும்மா இருக்காத கை

வாளியைப் பார்த்தேன். எனக்குப் பயம், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? தறிச் சத்தம் நாலு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பட்டப்பகலில், ஒரு வாளி டீசலை விட்டு இரண்டடி பின்னால் போனேன். போனை வைக்காதேம்மா என்று சொல்லி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, செயினை எடுத்துத் துணியால் துடைத்தேன். எண்ணெய் போட்டேன். மாட்டினேன். பாய் சுலபமாகச் செய்கிற வேலை. அன்று என் கையிலிருந்து செயின் இரண்டு தடவை நழுவி விழுந்தது.

சைக்கிள் தலைகீழாக நின்றது. மாட்டிய செயின் சரியாக ஓடுகிறதா என்று பெடலைச் சுற்றிப் பார்ப்பது எங்கள் பழக்கம். சொல்லப்போனால் பழக்கம்கூட இல்லை, வியாதி. பேசிக்கொண்டே, டீ குடித்துக்கொண்டே, எதிரே நிற்கும் பெடலைக் கை தானாகச் சுற்றும். அன்றும் சுற்றியது. போனில் ஈஸ்வரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. பிறகு, "அண்ணே, கால மடக்குறாரு" என்றது. "ஒண்ணு மாத்தி ஒண்ணு மடக்குறாருண்ணே." நான் பெடலிலிருந்து கையை எடுத்தேன். பெடல் நின்றது.

"இப்ப நின்னுருச்சுண்ணே. நீங்க அங்கிட்டு என்ன பண்ணீங்க?"

பாய் போய்ப் பார்த்தது

மேலூரிலிருந்து வந்த பாய், கேட்டுவிட்டுச் சிரித்தார். சைக்கிளைப் பாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசுக்கு என்றார். நீங்கள் தர்காவில் ஒரு தாயத்து மந்திரித்து வாங்கி வாருங்கள் என்றேன் நான். ஆளுக்கு ஆள் அடுத்தவர் சாமி மேல் அவ்வளவு நம்பிக்கை. கடைசியில், நீ இங்கே சுற்று, நான் போய்க் கட்டில் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், தற்செயலா இல்லையா என்று தெரிந்துவிடும் என்று டி.வி.எஸ்ஸில் கிளம்பினார்.

கோச்சடை போய்ச் சேர்ந்து போன் செய்தார். நான் சுற்றினேன். ம் என்றார். மெதுவாகச் சுற்றினேன். ம் என்றார், ஆனால் அந்த ம்மில் சிரிப்பு இல்லை. நான் அத்தோடு விட்டிருக்கலாம். செயினுக்கு எண்ணெய் விடும்போது பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுவோம், அதுவும் கையோடு வந்த பழக்கம். யோசிக்காமல் பின்பக்கம் சுற்றிவிட்டேன். போனில் ஏதோ விழுகிற சத்தம். பிறகு பாயின் குரல். இத்தனை வருஷத்தில் நான் கேட்காத குரல்.

"பின்னால சுத்தாத மாப்ள. அவரு என்னையப் பாக்குறாரு. கண்ணுல தண்ணி வருது."

கோயம்புத்தூர் வேன்

நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்வதென்று பேசி முடிப்பதற்குள் உதிரிச் சாமான்காரர் வேனோடு வந்துவிட்டார். அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன், வண்டி கொடுப்பதற்கில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிகிற மாதிரி சொல்ல எனக்கும் வழியில்லை. விலை ஏற்றப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், அவசரக்காரர். நான் உள்ளே பணம் எடுக்கப் போன நேரத்தில், தன் பையிலிருந்த சாவியை எடுத்து, பெடல் பிடித்திருக்கும் அச்சில் போல்ட்டைத் திருகத் தொடங்கிவிட்டார்.

மேஜை மேல் என் போன் அடித்தது. ஈஸ்வரி பெயர். நான் எடுப்பதற்கு முன்பே பாய் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. பக்கத்துத் தறிக்காரர்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பாய் போல்ட்டை முறுக்கித் திரும்ப இறுக்கினார். போன் அடிப்பதும் நின்றது. பிறகு ஈஸ்வரியிடம் கேட்டபோது, அவருக்கு இடுப்பு தூக்கித் தூக்கிப் போட்டது, பயந்து போன் செய்தேன், நீங்கள் எடுப்பதற்குள் சரியாகிவிட்டது என்றது. உதிரிச் சாமான்காரர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வேனில் ஏறினார்.

"பழைய சைக்கிள்தானுங்கண்ணா இது? என்னமோ ஆளையே கழட்டுற மாதிரி எதுக்குங்க இப்படிக் கத்துறீங்க?"

ஆள் தேடியது

வண்டி சும்மா நின்றால் அவர் கால் சில்லிட்டுப் போகிறது. கடையில் உட்கார்ந்து கையால் சுற்றலாம், சுற்றினோம். கால் அசைகிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆபீசர் ஓட்டிய வாரத்தில் வேர்த்ததே, அப்படி வேர்ப்பதில்லை. ரோட்டில் ஓட வேண்டும், எதிர்க்காற்றில் போக வேண்டும், ஏற்றம் ஏற வேண்டும். பயிற்சி கொடுப்பவரிடம் ஈஸ்வரி கேட்டதற்கு, உடம்பில் அசைவு இருக்கும்வரை நம்பிக்கை இருக்கிறது, அசைவு போய்விட்டால் தசை சூம்பிவிடும், பிறகு நான் வந்து பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பெண் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

யாராவது தெரிந்த பையன்களுக்குச் சும்மாவே கொடுக்கலாம் என்று பார்த்தால், வாட்ஸ்ஆப் புண்ணியத்தில் ஒருவரும் கிட்டே வரவில்லை. நான் பாயைப் பார்த்தேன். ஓட்டிப் பார்ப்பது அவர் பொறுப்புத்தானே. பாய் முடியாது என்று தலையாட்டினார்.

"நான் அவரு கண்ணப் பாத்துட்டேன் மாப்ள, இனி என்னால அதுல ஏற முடியாது. நீ பாக்கல. அதனால நீ ஓட்டு."

தொப்பையும் டேப்பும்

வைகைப் பாலத்து ஓரத்தில் கால் வைக்க ஒரு திண்டு இருக்கிறது. அதில் ஏறி நின்றுதான் அந்த சைக்கிள் மேல் ஏறினேன். சீட்டு டேப்பை விட்டு இறங்கவில்லை. என் தொப்பைக்காக அது இரக்கப்படவும் இல்லை. விழுந்து கிடப்பேன் என்று நினைத்தேன். கால் பெடலைத் தொட்டதும் மற்றது தானாக நடந்தது. இருட்டு பிரியாத ரோட்டில், பள்ளம் வருவதற்கு முன்பே கை ஒதுங்குகிறது. லாரி வருவதற்கு முன்பே முதுகு குனிகிறது. பின்னால் சீராக ஒரு மூச்சு. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டேன். இன்றுவரை பார்க்கவில்லை.

கியர் மட்டும் நான் தொடுவதில்லை. கியர் சைக்கிள் விற்கிறவனுக்குக் கியர் மாற்றத் தெரியாது என்றால் சிரிப்பீர்கள். தெரியும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றினால் கடகடவென்று சத்தம் வருகிறது, அந்த வண்டியில் தேவையில்லாத சத்தம் எதையும் கேட்க எனக்கு விருப்பமில்லை. அதனால் ஏறிய கியரிலேயே போவேன். கப்பலூர்ப் பாலத்து ஏற்றத்தில் உயிர் போகிற மாதிரி மிதிக்க வேண்டும். ஆனால் ஒரு அதிசயம், முட்டி வலிக்கவில்லை. ஏறும்போதும் வலிக்கவில்லை, இறங்கியும் வலிக்கவில்லை. இந்தச் சைக்கிள் எனக்குக் கொடுத்த ஒரே சந்தோஷம் அது.

திருமங்கலத்துக்கு வெளியே அந்த டீக்கடை. வாழைப்பழம், வெந்நீர் தயாராக இருந்தன. கடைக்காரர் இந்தத் தடவை வெளுக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆளு வேற வேற வாரீங்க. ஆனா வண்டி வார சத்தம் அவருதுதான். எனக்குத் தெரியும்."

கப்பலூர்ப் பாலம்

மாதங்கள் ஓடிவிட்டன. தினமும் போகிறேன். ஒரு தடவை மழை வெளுத்து வாங்கியதில் போகாமல் இருந்தேன். கால் சில்லென்று ஆகிவிட்டது என்று காலையிலேயே போன். அதிலிருந்து மழையானாலும் கிளம்பிவிடுகிறேன். எனக்குக் காய்ச்சல் வரக்கூடாது, வீட்டு விசேஷம் வெளியூரில் வரக்கூடாது. என் மனைவிக்கு நான் யாரையோ பார்க்கப் போகிறேன் என்று சந்தேகம் வந்து, ஒரு நாள் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்து, கப்பலூரில் நான் நாக்குத் தள்ளி மிதிப்பதைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு திரும்பிப் போனது. சில நாட்களில் எனக்கு எரிச்சல்கூட வரும். யாரோ ஒருவருக்காக நான் ஏன் விடிவதற்கு முன்னால் எழ வேண்டும்? ஆனால் ஈஸ்வரியின் போன் வரும். வேர்த்தது என்று சொல்லும். விரல் அசைந்தது, கஞ்சியைத் தானாக விழுங்கினார், கூப்பிட்டால் திரும்புகிறார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு படுத்துத் தூங்க எனக்கு மனசு வரவில்லை. என் சொந்தத் தம்பிக்குச் சரியாகிற மாதிரி இருந்தது, உண்மை.

நானும் தேறிவிட்டேன். தொப்பை வற்றியது. ஒரு நாள் கடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். பாய் என்னையே பார்த்தார். அந்த ஸ்டூலை இப்போது வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துவிட்டோம். எல்லாம் சைக்கிள் மிதித்த பலன் என்று வருகிறவர்களிடம் அளந்துகொண்டிருந்தேன்.

போன வாரம் ஈஸ்வரி வீட்டுக்கு வரச் சொன்னது. சைக்கிள் வாங்கிய நாளுக்குப் பிறகு நான் அந்த ஹாலுக்குள் போகவில்லை. பாய் பார்த்ததை நானும் பார்த்துவிட்டால் ஏற முடியாமல் போய்விடுமோ என்று பயம். தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். முகத்தில் சதை பிடித்திருந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, இது ஒன்றுதான் ஏனென்று தெரியவில்லை, எக்ஸ்ரே எடுத்தும் ஒன்றும் இல்லை என்கிறார்கள் என்று சொல்லி, ஈஸ்வரி போர்வையை விலக்கியது. அவருடைய வலது முட்டி பந்து மாதிரி வீங்கியிருந்தது.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வலது முட்டியைக் கை தானாகத் தொட்டது. அதில் ஒரு வலியும் இல்லை. தலையைத் தூக்கியபோது தவமணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. விழுந்த நாளிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஈஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டது. ஒவ்வொரு சொல்லாக, மேட்டில் மிதிக்கிற மாதிரி, சிரமப்பட்டுச் சொன்னார்:

"கப்பலூர்ப் பாலத்துல... கியரக் கொறைங்கண்ணே. உங்க முட்டி... எனக்கு வலிக்குது."

விலை கொடுத்து வாங்கியவன் நான், ஓட்டுகிறவர் அவர். மிதிப்பது மட்டும்தான் என் பங்கு, அதுவும் இப்போது லேசான கியரில்.